காணாமல் போன மஞ்சள் பீக்

அத்தியாயம் 6

காலையிலிருந்து பூஷைப் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. துப்பறியும் மஹ்ஜூபாவிடம் ஆறு வருடமாக உதவியாளனாக இருக்கிறான். அதற்கு முன்னால் பதினைந்து வருடம் அகாதிர் நகரத்தில் டாக்ஸி ஓட்டினான். வாயை மூடிக்கொண்டு இருப்பது அவன் ஜாதகத்திலேயே கிடையாது. திருட்டு கேஸ், கள்ளக் கையெழுத்து கேஸ், ஒருமுறை கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை காணாமல் போன கேஸ் என்று எதிலும் அவனுக்கு ஒரு நக்கல் கிடைத்துவிடும். இந்தக் கேஸில் கிடைக்கவில்லை. குற்றவாளி என்று எல்லாரும் கை காட்டுவது அவனுடைய சொந்த அக்கா மகளை.

கெல்தூம் காரின் பின் சீட்டில், மடியில் ஒரு தடித்த நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே பயிற்சி மையத்தின் இரும்பு கேட். மணி ஒன்று. ரமதான் இருபத்து நான்காம் நாள் என்பதால் தெருவில் ஒரு காபிக் கடையும் திறந்திருக்கவில்லை.

"மூணு மணிக்கு கமிட்டி மாமா," என்றாள். "அதுல தப்பு என்மேலதான்னு முடிவாச்சுன்னா சர்டிபிகேட் கிடையாது. எல்லா லேபுக்கும் லெட்டர் போட்டுடுவாங்க. காஸாபிளாங்கா வேலையும் போச்சு."

"போகாது," என்றான் பூஷைப்.

"போகாதுன்னு நீ சொன்னா போதுமா? நீ என்ன மந்திரியா?" என்றாள் மஹ்ஜூபா. முன் சீட்டிலிருந்து முழு உடம்பையும் திருப்பி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். சுங்கத்துறை விசாரணைப் பிரிவில் பதினெட்டு வருடம் இருந்தவள். காய்கறிக் கடையில் விலை கேட்பது மாதிரியே கேள்வி கேட்பாள். "நீ சொல்லும்மா. முதல்லேருந்து. இந்த டாக்ஸிக்காரனுக்கும் புரியற மாதிரி."

கெல்தூம் கெமிஸ்ட்ரி பட்டம் வாங்கி இரண்டு வருடம் வேலை தேடி அலைந்தவள். லிக்விட் குரோமடோகிராபி தெரிந்த ஆளுக்கு மருந்து கம்பெனி, எண்ணெய் லேப், குங்குமப்பூ லேப் எங்கே போனாலும் வேலை உண்டு என்று கேள்விப்பட்டு இந்த எட்டு மாத வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பில் முதல் ஆள் அவள்தான். பெருநாள் முடிந்த மறுவாரம் காஸாபிளாங்காவில் வேலை. ஆர்டரே வந்துவிட்டது.

"குங்குமப்பூவைக் கரைச்சு, ஒரு எஃகுக் குழல் வழியா பம்ப் வச்சு தள்ளுவோம் மேடம். கரைசல்ல இருக்கற ஒவ்வொரு பொருளும் அதது நேரத்துக்கு வெளிய வரும். வர்றதை கம்ப்யூட்டர் மலை மாதிரி வரைஞ்சு காட்டும். அதுக்குப் பேரு பீக். சுத்தமான குங்குமப்பூன்னா அதுக்குண்டான பீக் மட்டும் வரும். மஞ்சள் சாயம் கலந்திருந்தா நாலாவது நிமிஷத்துல தனியா ஒரு பீக் எழும்பும்."

"எழும்பலையா?"

"ஒரு வியாபாரி ஏற்றுமதிக்கு அனுப்பின சரக்கு. ரமதான் மூணாம் நாள் எங்க லேப்ல சோதனை. ரிப்போர்ட்ல மஞ்சள் பீக்கே இல்ல. சுத்தம்னு போயிடுச்சு. வெளிநாட்டுல வாங்கினவங்க சோதிச்சிருக்காங்க, சாயம் வந்திருக்கு. சரக்கு திரும்பிடுச்சு. இங்க எடுத்து வச்ச மிச்ச சாம்பிளை முந்தாநாள் மறுபடி ஓட்டினாங்க. மஞ்சள் பீக் நிக்குது."

"அப்போ அன்னிக்கு எவனோ வேற சுத்தமான பூவை அந்தச் சரக்கு பேர்ல ஓட்டியிருக்கான்."

"ஆமா மேடம். கம்ப்யூட்டர்ல நேரம் ரெண்டு இருபதுன்னு இருக்கு. ஓட்டினது என் பேர்ல, என் பாஸ்வேர்டுல. ரூம் ரிஜிஸ்தர்லயும் ரெண்டு மணியிலிருந்து மூணு மணி வரைக்கும் உள்ள இருந்தது நான் ஒருத்திதான்."

"நீ ஓட்டினியா?"

"இல்ல."

"உன் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"ஸெம்மூரி சாருக்கு. எங்க மாஸ்டர். எல்லாருக்கும் அவர்தான் போட்டுக் கொடுத்தார். மாத்தச் சொன்னாங்க. யாரும் மாத்தல."

பூஷைப் அவளைப் பார்த்தான். "என் வீட்டு சாவியைக்கூட மூணு இடத்துல ஒளிச்சு வைப்பேன் கண்ணு," என்றான். சொல்லிவிட்டு, அது ஜோக்காக வரவில்லை என்று அவனுக்கே தெரிந்தது.

மஹ்ஜூபா அந்த நோட்டை வாங்கிப் புரட்டினாள். லேபில் செய்வதையெல்லாம் செய்தவுடனே பேனாவால் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது, மறுநாள் மாஸ்டர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். ரமதான் மூன்றாம் நாள் பக்கத்தில் கெல்தூமின் குண்டு எழுத்து: "2.05. பம்ப் அழுத்தம் அதிகம். யாரோ குழலில் உப்புக் கரைசலை அப்படியே விட்டிருக்கிறார்கள். அரை மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவினேன்." கீழே ஸெம்மூரியின் கையெழுத்து.

"உப்பை விட்டா என்ன ஆகும்?"

"சாம்பிளை உப்புக் கரைசல் சேர்த்துத்தான் ஓட்டுவோம் மேடம். முடிஞ்சதும் கழுவலன்னா உள்ளேயே உறைஞ்சுடும். குழல் பாழ். முதல் நாள் வகுப்பிலேயே சார் சொல்ற விஷயம் அதுதான். அதை விட்டுட்டுப் போனவனை ஒரு வாரம் குப்பி கழுவ வைப்பார்."

மஹ்ஜூபா அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். பிறகு கார்க் கதவைத் திறந்தாள்.

டைரக்டர் பூபக்ர் நல்ல மனிதர்தான், ஆனால் பயந்த மனிதர். மையத்தின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்ற ஒரே கவலையில் நெற்றி வேர்த்துக்கொண்டே இருந்தது. வெளியாள் விசாரிக்க ஒத்துக்கொண்டதே பெரிது. கம்ப்யூட்டர் பதிவை அச்சடித்துக் கொடுத்து, இவர்களைத் துணை டைரக்டரிடம் ஒப்படைத்தார். டாக்டர் நெஸ்ஹா என்று பெயர். நாற்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத கோட்டு. இடுப்பில் ஒரு சாவிக் கொத்து. கெல்தூமை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்காமல் முன்னால் நடந்தாள்.

"என்ன மேடம், நம்ம பொண்ணு விஷயம் இந்த அம்மா முகத்துலேயே முடிவாயிடுச்சு போல," என்று பூஷைப் மஹ்ஜூபாவின் காதில் சொன்னான்.

"பேசாம வா."

மெஷின் அறையில் ஸெம்மூரி காத்திருந்தார். நரைத்த தாடி, இதமான குரல். கெல்தூமைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது.

"வாம்மா மகளே. நீ இப்படி நிக்கறதைப் பாக்க எனக்கு மனசு கேக்கல. இருபது வருஷ சர்வீஸ்ல உன்னை மாதிரி ஒரு கை நான் பாத்ததில்ல," என்றார்.

கெல்தூம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பூஷைபுக்கு அது உறுத்தியது. மாஸ்டர் இவ்வளவு பிரியமாகப் பேசுகிறார், இவள் ஒரு வார்த்தை பேசக் கூடாதா?

"ரெண்டு இருபதுக்கு நீங்க எங்க இருந்தீங்க சார்?" என்று கேட்டாள் மஹ்ஜூபா.

"எதிர்ல மாகாண ஆபீஸ்ல மீட்டிங். ரெண்டுலேருந்து நாலு. கையெழுத்து, சீல் எல்லாம் இருக்கு."

"கேட்டதுக்குத் தப்பா நினைக்காதீங்க. எல்லாரையும் கேக்கறேன்."

"கேக்கணும். கேட்டாதான் உண்மை வரும்."

மஹ்ஜூபா மெஷினைச் சுற்றி வந்தாள். அடுக்கி வைத்த பெட்டிகள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக பம்ப், குழல் வைக்கும் அறை, குப்பித் தட்டு. பக்கத்தில் கம்ப்யூட்டர். அதன் முன்னால் குனிந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி, மூலையில் எதையோ பார்த்தாள். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பூஷைபும் எட்டிப் பார்த்தான். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று நாற்பது. கம்ப்யூட்டரில் இரண்டு நாற்பது.

அவன் வாயைத் திறந்தான். மஹ்ஜூபா அவன் காலை மிதித்தாள்.

"இந்தக் கம்ப்யூட்டர்ல இன்டர்நெட் இருக்கா சார்?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"கிடையாதுங்க. யாரும் உள்ள கை வைக்க முடியாது. நேரத்தைக்கூட மாத்த முடியாது. பூட்டு போட்டிருக்கு. மாத்த விட்டா நேத்து செஞ்சதை இன்னிக்கு செஞ்ச மாதிரி காட்டிடுவாங்களே."

"நல்ல ஏற்பாடு," என்றாள் மஹ்ஜூபா.

வெளியே வரும்போது மெஷின் அறையை ஒட்டி ஒரு சிறிய கதவு இருந்தது. "இது என்ன?" என்றாள்.

"கண்ணாடி சாமான் ஸ்டோர்," என்றாள் டாக்டர் நெஸ்ஹா. சொன்ன வேகத்தில் குரல் கொஞ்சம் பிசிறியது.

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட மட்டும்தான்."

திறந்து காட்டச் சொன்னாள் மஹ்ஜூபா. நெஸ்ஹா தயங்கித்தான் திறந்தாள். பூஷைப் அவர்களுக்குப் பின்னால் நின்று பார்த்தான். அலமாரியில் பீக்கர்கள். தரையில் எதிரும் புதிருமாகக் கவிழ்த்துப் போட்ட இரண்டு பிளாஸ்டிக் வாளிகள். நடுவே ஒரு செய்தித்தாள், அதன் மேல் ரொட்டித் துணுக்குகள். எலி இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். மஹ்ஜூபாவோ, யாரோ குளிக்கும் அறையைத் தவறித் திறந்துவிட்ட மாதிரி சட்டென்று கதவைச் சாத்தினாள்.

தாழ்வாரத்தின் கோடிக்கு வந்ததும் பூஷைப் துள்ளினான். அவனுடைய பழைய குரல் திரும்பிவிட்டது.

"மேடம்! ரமதானுக்காக நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வச்சிருக்கு. இந்தத் தடியன் கம்ப்யூட்டர் மட்டும் இன்னும் பழைய நேரத்துல ஓடிட்டிருக்கான்! ரெண்டு இருபதுன்னு அவன் சொன்னா உண்மையில ஒண்ணு இருபது. அந்த நேரத்துல என் பொண்ணு உள்ள வரவே இல்ல. ரிஜிஸ்தர் சொல்லுதே!"

"அதுவரைக்கும் சரி."

"எப்படி மேடம் ஒருத்தருக்கும் தெரியாம போச்சு?"

"தெரியாம இல்ல. இங்க எல்லாருக்கும் தெரியும். உன்கிட்ட ஒருத்தன் அஞ்சு மணிக்கு வான்னா, பழைய நேரமா புது நேரமான்னு கேட்டுட்டு மனசுக்குள்ளேயே ஒரு மணி நேரத்தைக் கழிச்சுக்க மாட்டே? மெஷின்கிட்ட வேலை செய்யற எல்லாரும் கழிச்சுக்கறாங்க. டைரக்டர் பேப்பரை மட்டும் பாக்கறவர். அவர் கழிக்கல. கழிச்சிருப்பார்னு மத்தவங்க நினைச்சாங்க."

பூஷைப் கெல்தூமின் தோளைப் பிடித்துக் குலுக்கினான். "கேட்டியா கண்ணு? நீ தப்பிச்சே! காஸாபிளாங்காவுக்குத் துணி மடிச்சு வை!"

கெல்தூமின் முகம் வெளுத்துவிட்டது.

"அதைச் சொல்லாதீங்க மாமா," என்றாள்.

"என்னது?"

"நேரத்தைப் பத்தி உள்ள சொல்லாதீங்க. வேண்டாம்."

"பைத்தியமா உனக்கு? உன்னைக் காப்பாத்தற ஒரே விஷயம் அதுதான்!"

"எனக்குத் தெரியும் மாமா. நேரம் தப்புன்னு எனக்கு முதல் நாளே தெரியும். சொல்ல வேண்டாம்."

பூஷைபின் கை தானாகக் கீழே இறங்கியது. தெரியும். தெரிந்தும் மூன்று நாளாகச் சொல்லவில்லை. எந்த நிரபராதி அப்படி இருப்பான்? அக்கா வீட்டில் இந்தப் பெண்ணைத் தோளில் தூக்கித் திரிந்தவன் அவன். இப்போது அவள் கண்ணைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"அப்போ ஒண்ணு இருபதுக்கு நீ எங்க இருந்தே?" என்று கேட்டான்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"கேக்கறேன் இல்ல? எங்க இருந்தே?"

"பூஷைப், காரைப் பூட்டினியான்னு பாத்துட்டு வா," என்றாள் மஹ்ஜூபா.

"பூட்டிட்டேன்."

"மறுபடியும் பாத்துட்டு வா."

அவன் போனான். போய் கார்மேல் சாய்ந்து நின்றான். ஒருவேளை அவள்தான் செய்திருந்தால்? யாராவது மிரட்டியிருந்தால்? அக்காவிடம் என்ன சொல்வது? பத்து நிமிடம் கழித்துத் திரும்பியபோது கெல்தூமின் கண்கள் சிவந்திருந்தன. மஹ்ஜூபா தன் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டாளா?"

"இல்ல. நானா தெரிஞ்சுக்கிட்டேன். உன்கிட்ட சொல்ல மாட்டேன்."

"நான் அவ மாமன் மேடம்!"

"அதனாலதான்," என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

மூன்று மணிக்குக் கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் மூன்றே பேர். நடுவில் டைரக்டர் பூபக்ர், ஒரு பக்கம் டாக்டர் நெஸ்ஹா, மறுபக்கம் ஸெம்மூரி. குற்றம் சாட்டப்பட்ட பெண்ணின் மாஸ்டரே நீதிபதியாகவும் உட்கார்ந்திருக்கிறாரே என்று பூஷைப் ஒரு நக்கல் அடிக்க நினைத்தான். ஆனால் அடக்கிக்கொண்டான். கதவோரம் ஒரு நாற்காலியில் கெல்தூம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

மஹ்ஜூபா நோட்டையும் கம்ப்யூட்டர் பதிவையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"டைரக்டர் சார், ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கு குழலைத் தண்ணி விட்டுக் கழுவினது எத்தனை தடவை?"

பூபக்ர் பதிவைத் தேடினார். "ஒரு தடவைதான். மூணு அஞ்சுக்கு."

"நோட்டுல?"

"ரெண்டு அஞ்சு..." அவர் நிறுத்தினார்.

"மூணு மணிக்கு இந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டு வெளிய போயாச்சு. அறை பூட்டியாச்சு. மூணு அஞ்சுக்குக் கழுவினது யாரு, பேயா? இன்னொண்ணு பாருங்க. ரெண்டு அஞ்சுக்கே குழலுக்குள்ள உப்பு இருந்திருக்கு. உப்பு விட்டவன் ரெண்டு இருபதுக்குதான் வந்தான்னு நீங்க சொல்றீங்க. ரொட்டி வெந்ததுக்கப்புறம் மாவு பிசைஞ்ச கதையா இருக்கே!"

மஹ்ஜூபா எழுந்து சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். பழைய நேரம், புது நேரம் என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். பூபக்ர் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார்.

"அட ஆண்டவா! அப்போ ஓட்டினது ஒண்ணு இருபதுக்கா?"

"ஆமா. ரூம்ல யாருமே கையெழுத்துப் போடாத நேரம். எல்லாரும் தொழுகைக்குப் போன நேரம்."

பூஷைப் மூச்சு விட்டான். அப்போதுதான் ஸெம்மூரி தொண்டையைக் கனைத்தார். முகத்தில் அதே இதம்.

"ரொம்ப சந்தோஷம்மா. நேர விஷயம் எனக்குத் தோணாம போச்சே. ஆனா அதுவும் என் மகளுக்கு உதவாதே. கையெழுத்துப் போடாம உள்ள நுழைஞ்சிருக்கலாம் இல்லையா? கேட்டுடுங்க. ஒண்ணு இருபதுக்கு அவ எங்க இருந்தா? அதை மட்டும் சொல்லிட்டா நான் முதல் ஆளா அவளை விட்டுடச் சொல்றேன்."

எல்லாரும் கெல்தூமைப் பார்த்தார்கள்.

அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். சொல்லவில்லை. பூபக்ர், "சொல்லும்மா," என்றார். அவள் தலையை இன்னும் குனிந்துகொண்டாள். பூஷைபுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தான்.

"அவளால சொல்ல முடியாதுன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்றாள் மஹ்ஜூபா.

"என்னது?" என்றார் ஸெம்மூரி.

"நீங்க கேட்ட விதத்தைச் சொல்றேன். பதில் வரும்னு கேக்கறவன் இப்படி நிதானமா கேக்க மாட்டான். வராதுன்னு தெரிஞ்சவன்தான் கேப்பான்." அவள் டைரக்டர் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு இருபதுக்கு ஒருத்தர் அந்த மெஷின்ல வேற பூவை ஓட்டினார். நல்லா வேலை தெரிஞ்ச கை. கணக்கா பெயர் போட்டு, பாஸ்வேர்டு போட்டு, கச்சிதமா ஓட்டியிருக்கார். ஆனா முதல் நாள் வகுப்புப் பாடத்தை மறந்துட்டார். குழலைக் கழுவாம ஓடிட்டார். ஏன்? பக்கத்து ஸ்டோர்ல ஆள் சத்தம் கேட்டுது. ஓடிப் போய் தாழ்வாரத்துல மறைஞ்சு நின்னு பாத்தார். ஸ்டோர்லேருந்து கெல்தூம் வந்தா. எதுக்கு அங்க இருந்தான்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு. இந்த ரூம்ல, இத்தனை ஆம்பளைங்க முன்னால, சொந்த மாமன் முன்னால, அதை அவ உயிர் போனாலும் சொல்ல மாட்டான்னும் தெரிஞ்சுபோச்சு. விஷயம் வெடிச்சதும் தைரியமா இவமேல போட்டுட்டார்."

"கதை," என்றார் ஸெம்மூரி. குரலில் இதம் குறைந்திருந்தது. "சாட்சி?"

"இருக்கு. அந்த ஸ்டோர்ல வாளி ரெண்டு இருக்கு சார். நீங்க பாத்தது ஒருத்தியை மட்டும்." மஹ்ஜூபா உட்கார்ந்தாள். "ரெண்டாவது ஆள் யாருன்னு எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன். சொல்ற உரிமை எனக்கு இல்ல. கெல்தூமும் சொல்ல மாட்டா. இத்தனை நாள் தன் வேலையைவிட அந்த ஆள் மானத்தைப் பெரிசா நினைச்சிருக்கா. அவங்களாவே சொன்னா உண்டு. இல்லன்னா நாங்க எழுந்து போறோம். சர்டிபிகேட்டை நீங்களே வச்சுக்குங்க."

பூஷைபுக்கு ஒன்றும் புரியவில்லை. யார் சொல்ல வேண்டும்? வாளி என்ன? ஸ்டோரில் என்ன? கெல்தூம் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி, எதிரே யாரையோ பார்த்து, வேண்டாம் என்பது போல மெல்லத் தலையாட்டினாள்.

"நான்தான்," என்றாள் டாக்டர் நெஸ்ஹா.

பூபக்ர் அவள் பக்கம் திரும்பினார். "என்ன டாக்டர்?"

"ரெண்டாவது வாளி என்னோடது. அன்னிக்கு எங்க ரெண்டு பேருக்கும் நோன்பு கிடையாது. பெண்களுக்கு மாசத்துல சில நாள் நோன்பு கிடையாது. உங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா யார் கண்ணு முன்னாலயும் ஒரு வாய் தண்ணி குடிக்க முடியாது. அதுக்காக இங்க இருக்கற பெண்கள் எல்லாரும் அந்த ஸ்டோருக்குத்தான் போறோம். சாவி நான் கொடுக்கறேன். ஒண்ணு பத்துலேருந்து ஒண்ணு அம்பது வரைக்கும் இந்தப் பொண்ணு என் எதிர்ல உக்காந்து முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டா."

அவள் முகம் முழுக்கச் சிவந்திருந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

"பக்கத்து அறையில மெஷின் ஓடற சத்தம் கேட்டுது. ஸெம்மூரி சார் குரல் கேட்டுது. போன்ல பேசினார். 'கவலைப்படாதீங்க ஹாஜி, சுத்தமா வரும்'னு சொன்னார். என் கையிலேருந்து ஸ்பூன் கீழ விழுந்துது. பேச்சு நின்னுடுச்சு. கதவு சாத்தற சத்தம் கேட்டுது. கெல்தூம் முதல்ல போனா. நான் கொஞ்சம் கழிச்சு வந்தேன்."

"மூணு நாளா ஏன் சொல்லல?" என்றார் பூபக்ர்.

"வெட்கம். துணை டைரக்டர் ஸ்டோர்ல ஒளிஞ்சு தின்னான்னு ஊர் சிரிக்கும்னு பயம். அவ தானா சொல்லிடுவான்னு ஒவ்வொரு நாளும் நினைச்சேன். சொல்லிடக் கூடாதுன்னும் நினைச்சேன்." நெஸ்ஹா மேஜையைச் சுற்றி நடந்து கெல்தூமின் முன்னால் போய் நின்றாள். "என் பொண்ணு வயசு உனக்கு. நான் செஞ்சது அசிங்கம். மன்னிச்சுடும்மா."

கெல்தூம் அழுதுகொண்டே எழுந்து நின்றாள்.

மீட்டிங் சீல் போட்ட காகிதம் ஸெம்மூரியின் முன்னால் கிடந்தது. இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் அவர் உத்தமர். பூபக்ர் கேட்டார்: "யார் அந்த ஹாஜி?"

ஸெம்மூரி அந்தக் காகிதத்தைப் பார்த்தபடி சொன்னார். "என் பொண்டாட்டியோட அண்ணன். சரக்கு அவரோடது."

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. ஸெம்மூரியை வெளியே போகச் சொன்னார்கள். கெல்தூமின் சர்டிபிகேட்டில் நெஸ்ஹா தன் பேனாவால் கையெழுத்துப் போட்டாள். காஸாபிளாங்கா லேபுக்குப் பூபக்ரே போன் செய்து, இங்கே ஒரு தவறு நடந்தது, அந்தப் பெண் மேல் ஒரு குற்றமும் இல்லை, எங்களிடம் இருந்ததிலேயே நல்ல கை அவளுடையது என்று சொன்னார். பூஷைப் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றான். மருமகளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது. அவள் அவன் பக்கமே பார்க்கவில்லை.

நோன்பு திறக்க இரண்டு மணி நேரம் இருந்தது. தெருவெல்லாம் ஹாரன். ரொட்டியும் சூப் சாமானும் வாங்கிக்கொண்டு ஊரே வீட்டுக்கு விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. மஹ்ஜூபாவை அவள் வீட்டில் இறக்கிவிட்ட பிறகு காரில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்.

பூஷைப் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மேடம்கிட்டகூட நீ சொல்லல. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே கண்ணு. இதுல என்ன இருக்கு? எனக்குப் பொண்டாட்டி இல்லையா, அக்கா தங்கச்சி இல்லையா? உன் வாழ்க்கையே போக இருந்துது. மாமன்கிட்ட என்ன வெட்கம்?"

கெல்தூம் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்குப் பன்னிரண்டு வயசுல உங்க ஷேர் டாக்ஸியில தாருதாந்த் ஊர்லேருந்து வந்தேன் மாமா. ஞாபகம் இருக்கா? ரமதான்."

"பல தடவை வந்திருக்கியே."

"அந்தத் தடவை பின்னால ஒரு பொண்ணு உக்காந்திருந்தா. காலேஜ் பொண்ணு. ஜன்னல் பக்கம் திரும்பி, துப்பட்டாவுக்குள்ள ரொட்டியை வச்சு ஒரு கடி கடிச்சா. நீங்க கண்ணாடியில பாத்துட்டீங்க. 'என்னம்மா, ஊருக்கே இன்னும் சூரியன் மறையல, உன் வாயில மட்டும் மறைஞ்சுடுச்சா'ன்னு கேட்டீங்க. வண்டியில எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அந்தப் பொண்ணு இறங்க வேண்டிய இடம் வர்றதுக்கு முன்னாலேயே இறங்கிட்டா. நடு ரோட்டுல. வெயில்ல. அடுத்த வருஷம்தான் மாமா எனக்குப் புரிஞ்சுது, அவ ஏன் சாப்பிட்டான்னு."

பின்னாலிருந்த வண்டி ஹாரன் அடித்தது. சிக்னல் எப்போதோ பச்சை விழுந்திருந்தது. பூஷைப் கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினான். அந்தப் பெண்ணின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான். வரவில்லை. ஜோக் மட்டும் நன்றாக நினைவிருந்தது.